இல்லாத பேய்க்கு ஒரு சிரிப்புப் புத்தகம்

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்பது நம் பாட்டிமார் அடிக்கடி சொல்லும் பழமொழி. இதை வெறும் கேலிப் பேச்சு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உற்றுப் பார்த்தால் இது ஒரு விஞ்ஞான உண்மை. பேய் இருட்டில் இல்லை, அரண்டவன் கண்ணில் இருக்கிறது என்கிறது பழமொழி. பார்க்கப்படும் பொருளை மட்டுமல்லாமல் பார்ப்பவனையும் சேர்த்து ஆராய வேண்டும் என்ற பெரிய பாடம் இந்த நான்கு சொற்களில் அடங்கிக் கிடக்கிறது.

மாணவ நண்பர்களே, குழந்தைகளுக்குரிய முதல் விஞ்ஞானப் புத்தகம் எதைப் பற்றியதாக இருக்க வேண்டும்? கோள்களைப் பற்றியா, டைனோசார்களைப் பற்றியா? அவையெல்லாம் வேண்டியவைதான். ஆனால் அவற்றுக்கும் முன்னால், நான்கைந்து வயதுக் குழந்தையின் கையில் வேறொரு புத்தகத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. வீண் பயத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒரு படப் புத்தகம் அது. பக்கத்துக்கு நான்கு வரிப் பாட்டும் ஒரு வேடிக்கைப் படமும் இருந்தால் போதும். "இதில் விஞ்ஞானம் எங்கே இருக்கிறது?" என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் பயத்தின் மேல் வீண்பழி போடாமல் இருப்போம். பயம் நம் உடம்பில் உள்ள காவற்காரன். மூளையின் உட்பகுதியில் வாதுமைக் கொட்டை அளவில் அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. ஆபத்தின் அறிகுறி தெரிந்ததும் அது எச்சரிக்கை தருகிறது. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் அட்ரினலினைச் சுரக்கின்றன. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு விரைகிறது, தசைகள் ஓடத் தயாராகின்றன. நாம் யோசித்து முடிப்பதற்கு முன்பே இவ்வளவும் நடந்துவிடுகிறது.

இந்தக் காவற்காரன் ஏன் அடிக்கடி தவறு செய்கிறான்? நம் நாட்டுத் தத்துவ நூல்களில் வரும் கயிறு–பாம்பு உவமையை எண்ணிப் பாருங்கள். இருட்டில் கிடக்கும் கயிற்றைப் பாம்பு என்று எண்ணி ஓடியவனுக்கு என்ன நட்டம்? கொஞ்சம் மூச்சிரைப்பு, கொஞ்சம் வெட்கம், அவ்வளவுதான். பாம்பைக் கயிறு என்று எண்ணி மிதித்தவனுக்கோ உயிரே போகலாம். ஆகவே, தவறுவதானால் பயத்தின் பக்கமே தவறு என்றுதான் பல லட்சம் ஆண்டுகளில் உயிரினங்களின் மூளை பழகியிருக்கிறது. வீண் பயம் மூளையின் நோய் அன்று, அதன் முன்னெச்சரிக்கைக்கு நாம் கொடுக்கும் விலை. அதனால்தான் பயப்படும் தம்பியைப் பார்த்து "பயந்தாங்கொள்ளி" என்று ஏளனம் செய்வது முறையன்று. அவன் மூளை தன் வேலையைச் செய்கிறது. கயிற்றைக் கயிறு என்று கண்டுகொள்ளும் வழியை மட்டும் அதற்கு யாரும் இன்னும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பயங்களில் பெரும்பகுதி பிறவியில் வருபவை அல்ல, கற்றுக் கொடுக்கப்படுபவை. 1920இல் அமெரிக்காவில் ஜான் வாட்சன், ரோசலி ரேனர் என்ற இருவர் ஒரு வயதுகூட நிரம்பாத ஆல்பர்ட் என்ற குழந்தையிடம் ஒரு பரிசோதனை நடத்தினார்கள். குழந்தை ஒரு வெள்ளை எலியோடு பயமில்லாமல் விளையாடியது. பிறகு அது எலியைத் தொடும் போதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கம்பியைச் சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளுக்குப் பின் சத்தமே இல்லாவிட்டாலும் எலியைக் கண்டதும் குழந்தை அழுதது. பிறகு முயலைக் கண்டும், நாயைக் கண்டும், மயிரடர்ந்த மேலங்கியைக் கண்டும் பயந்தது! குழந்தையின் பயத்தைப் போக்காமலேயே பரிசோதனையை முடித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட கொடுமையை இன்று எந்த ஆய்வுக்கூடத்திலும் அனுமதிக்க மாட்டார்கள்.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? "சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி வருவான்", "வெளியே போனால் பிள்ளை பிடிக்கிறவன் தூக்கிக்கொண்டு போவான்", "ஊசி போடச் சொல்லிவிடுவேன்" என்று தினமும் மூன்று வேளை இரும்புக் கம்பியைத் தட்டிக் கொண்டுதானே இருக்கிறோம்? சோறு உள்ளே போகிறது, பயமும் கூடவே போகிறது. நோயைத் தடுக்கும் ஊசியையும் கை கொடுக்கும் டாக்டரையும் பூச்சாண்டி வரிசையில் நிறுத்தி வைத்துவிட்டு, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகக் குழந்தை அலறுகிறதே என்று கவலைப்படுகிறோம்.

கற்றுக் கொடுத்த பயத்தைத் திருப்பி எடுக்க முடியுமா? முடியும் என்று 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அம்மையார் காட்டினார். பீட்டர் என்ற மூன்று வயதுச் சிறுவனுக்கு முயல் என்றால் நடுக்கம். அவனுக்குப் பிடித்த தின்பண்டத்தைத் தின்னக் கொடுத்து, முயற்கூண்டைத் தொலைவில் வைத்தார். நாளுக்கு நாள் கூண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டு வந்தார். முயலுக்குப் பயப்படாத பிள்ளைகளையும் பக்கத்தில் விளையாட விட்டார். முடிவில் அந்தச் சிறுவன் முயல் தன் விரலைக் கொறிக்கும்படி கையை நீட்டினான்.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். சிரிப்பூட்டும் பாட்டுப் புத்தகம் பீட்டரின் தின்பண்டம் போன்றது. படத்தில் உள்ள பேய் கூண்டில் உள்ள முயல் போன்றது. அம்மாவின் மடியிலோ வகுப்புத் தோழர்களின் நடுவிலோ உட்கார்ந்து, எதுகை மோனையின் தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டு, குழந்தை தன் பயத்தை ஒரு முழ தூரத்தில் வைத்துப் பார்க்கிறது. வேண்டாம் என்றால் புத்தகத்தை மூடலாம், வேண்டும் என்றால் மறுபடி திறக்கலாம். பயத்தின் கடிவாளம் குழந்தையின் கைக்கு வந்துவிடுகிறது.

ஆனால் எந்தப் புத்தகம் என்பதில் கவனம் வேண்டும். "பயப்படாதே, அங்கே ஒன்றுமில்லை" என்று சொல்லும் புத்தகத்தால் பயனில்லை. குழந்தை ஏதோ ஒரு சத்தத்தை உண்மையாகவே கேட்டிருக்கிறது, ஓர் உருவத்தைப் பார்த்திருக்கிறது. "ஒன்றுமில்லை" என்றால், "இவருக்குத் தெரியவில்லை" என்றுதான் அது நினைக்கும். "அங்கே என்ன இருக்கிறது, வா பார்ப்போம்" என்று கை பிடித்து அழைக்கும் புத்தகமே தேவை.

இதற்கு மிகப் பழைய முன்மாதிரி நம் நாட்டிலேயே உண்டு. புத்த ஜாதகக் கதைகளுள் ஒரு முயல் கதை வருகிறது. பனங்கன்றின் அடியில் படுத்திருந்த முயல், "பூமி உடைந்துவிட்டால் என்ன செய்வேன்?" என்று எண்ணிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு வில்வப் பழம் பனையோலை மேல் பொத்தென்று விழுந்தது. முயல் எடுத்தது ஓட்டம். அதைக் கண்டு மற்ற முயல்கள், அவற்றைக் கண்டு மான்கள், பன்றிகள், யானைகள் என்று காடே ஓடியது. ஒரு சிங்கம் குறுக்கே நின்று தடுத்தது. "பூமி உடைவதை யார் பார்த்தது?" என்று யானையைக் கேட்டது. யானை அடுத்த விலங்கைக் காட்ட, அது அதற்கடுத்ததைக் காட்ட, கடைசியில் அந்த முயல் அகப்பட்டது. சிங்கம் அதைத் திட்டவில்லை. தன் முதுகில் ஏற்றிக்கொண்டு அதே இடத்துக்குப் போய், ஓலைமேல் கிடந்த பழத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது.

"யார் பார்த்தது?" என்ற கேள்வி, சொன்னவர்களைத் தொடர்ந்து மூலத்துக்குப் போவது, நேரில் சோதிப்பது, முடிவை எல்லோருக்கும் அறிவிப்பது — இவற்றையெல்லாம் செய்த அந்தச் சிங்கத்தை விஞ்ஞானி என்று சொல்வதில் என்ன தவறு? இங்கிலாந்தில் இதே சாயலில் ஒரு கோழிக் கதை உண்டு. தலையில் ஏதோ விழ, வானமே இடிந்து விழுகிறது என்று கோழி ஓடுகிறது. ஹென்னி பென்னி, காக்கி லாக்கி என்று பெயர்களே எதுகையோடு துள்ளும். ஆனால் அங்கே சிங்கம் இல்லை. நரி ஒன்று வந்து, "குறுக்கு வழி காட்டுகிறேன்" என்று தன் வளைக்குள் அழைத்துப் போகிறது. விசாரிக்காமல் பயந்தவர்களுக்கு வழிகாட்ட நரிகள் எப்போதும் தயாராக இருக்கும் என்பது அதன் பாடம்.

இவை விலங்குக் கதைகள்தானே என்று விட்டுவிட முடியாது. 2018 மே மாதம் தமிழ்நாட்டில் வாட்ஸ்அப் மூலம் பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றி ஒரு வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்த ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அந்த அன்புக்காக அவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று நினைத்து ஊரார் அடித்தே கொன்றார்கள். அடித்தவர்கள் எல்லோரும் ஒரு காலத்தில் "பிள்ளை பிடிக்கிறவன் வருவான்" என்று பயமுறுத்தப்பட்ட குழந்தைகளாக இருந்தவர்கள்தாம். "யார் பார்த்தது?" என்று கேட்க அந்தக் கூட்டத்தில் ஒரு சிங்கம் இல்லாமல் போயிற்று. சிறு குழந்தையின் பயம் சிறிய விஷயம் என்று இனியும் சொல்வதற்கில்லை.

சரி, அந்தப் புத்தகத்தில் எந்தப் பேய்களைப் போடலாம்? உதகையிலிருந்து கூடலூர் போகும் மலைச் சாலையில் உள்ள நடுவட்டத்தை எடுத்துக்கொள்வோம். மழைக் காலத்தில் பத்தடி தூரத்தில் நிற்கும் ஆள் தெரியாதபடி அங்கே மூடுபனி இறங்கும். பின்னால் ஒரு லாரி விளக்கைப் போட்டால் போதும், எதிரே பனிக்குள் ஒரு ராட்சத உருவம் எழுந்து நிற்கும்! அது நம் நிழல்தான். சுவரில் விழும் நிழல் தட்டையாக இருக்கும். பனியில் உள்ள கோடிக்கணக்கான நீர்த்துளிகள் கிட்டவும் எட்டவும் பரவி இருப்பதால், அவற்றின்மேல் விழும் நிழல் கனமுள்ள உருவம் போல் தோன்றுகிறது. அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கண்ணுக்குப் பிடிபடாததால் அதன் அளவும் பூதாகாரமாகிறது. ஜெர்மனியில் பிராக்கன் என்ற மலையுச்சியில் காலை, மாலைச் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது இது தெரியும். சில வேளை தலையைச் சுற்றி வண்ண வளையமும் இருக்கும். 1780இல் யோஹான் சில்பர்ஷ்லாக் என்பவர் இதைப் பார்த்து எழுதி வைத்தார். "பிராக்கன் பூதம்" என்றே அதற்குப் பெயர். இதை நம் ஊர்ச் சின்னஞ்சிறுசுகளுக்கு எப்படிச் சொல்லலாம்? இப்படி:

பனிக்குள் ஒருவன் நிற்கிறான்,
கற்பூர மரம்போல் நிற்கிறான்!
கையை நானும் தூக்கினேன்,
கையை அவனும் தூக்கினான்!
தொப்பி ஒன்றைப் போட்டேனே,
தொப்பி அவனும் போட்டானே!
விளக்கை மாமா அணைத்ததும்
வீட்டுக்கு அவனும் போனானே!

இன்னொன்று பாருங்கள். மேற்கு மலைத் தொடரின் ஓடைக் கரைகளில், இருள் பிரியாத நேரத்தில் யாரோ மனிதர் சீட்டியடிப்பது போல் கேட்கும். போய்ப் பார்த்தால் ஆளே இருக்காது. மலபார் சீட்டிக் குருவி என்ற கருநீலப் பறவையின் பாட்டு அது. கேட்பதற்கு ஒரு பையன் சும்மா சீட்டியடித்துக்கொண்டு போவது போல் இருப்பதால், "சீட்டியடிக்கும் பள்ளிப் பையன்" என்றே ஆங்கிலேயர் அதற்குச் செல்லப் பெயர் வைத்தார்கள்.

விடியும் முன்னே யாரது?
விசிலை ஊதி வருவது?
ஓடைக் கரையில் பாருங்க,
ஊதல் குருவி தானுங்க!

காய்ந்து உரிந்த கற்பூர மரப்பட்டை காற்றில் உராயும் சத்தம், நாய் போல் குரைக்கும் கேளையாடு, இருட்டில் எலி தேடும் ஆந்தை என்று பக்கங்களை நிரப்ப விஷயம் ஏராளமாக உண்டு. மண்ணைக் கொத்தும்போது வெளிப்படும் கேடயவால் பாம்பையும் சேர்க்கலாம். அதன் வால் மழுங்கலாக இருப்பதால் இரண்டு தலை என்று பயந்து அடித்துக் கொன்றுவிடுகிறார்கள். மண்புழு தின்னும், நஞ்சில்லாத அந்த உயிர் தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. இங்கே வீண் பயத்தின் விலையைக் கொடுப்பது பாம்பு.

இந்த இடத்தில் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். "எந்தப் பாம்பு நஞ்சில்லாதது என்று ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? பயத்தைப் போக்கிவிட்டால் அது பாம்பைக் கையில் பிடிக்காதா?" நியாயமான கேள்வி. நீலகிரியில் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் தேயிலைத் தோட்டங்களுக்குள் வருகின்றன. யானை சாலையைக் கடக்கிறது. அங்கே "எதற்கும் அஞ்சாதே" என்று குழந்தைக்குப் பாட்டுப் பாடுவது வீரம் அன்று, பெரிய தவறு. ஆகவே பேயைப் பார்த்துச் சிரிக்கும் அதே புத்தகத்தில், சிரித்தபடியே ஒதுங்கிப் போகச் சொல்லும் பக்கங்களும் இருக்க வேண்டும்:

சாலை மேலே காட்டெருமை
சாந்தமாகத் தான் நிற்கும்.
கிட்டப் போனால் முட்டிவிடும்,
எட்டப் போனால் விட்டுவிடும்!

பாம்பு என்றால் எந்தப் பாம்பானாலும் தொடாதே, அடிக்காதே, பெரியவர்களைக் கூப்பிடு என்பதே குழந்தைக்குரிய விதி. ஆபத்தைக் கண்டு ஒதுங்குவதும் அறிவின் பகுதியே என்று சொன்ன வள்ளுவர், அந்தக் குறளை வீரத்தைப் பற்றிய அதிகாரத்தில் வைக்கவில்லை, 'அறிவுடைமை' அதிகாரத்தில் வைத்தார். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்தறிவது தைரியத்தின் வேலை அன்று, அறிவின் வேலை என்பது அவர் கருத்து.

பயத்தைத் தவறான இடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நடுவட்டமே சாட்சி சொல்லும். 1860களில் தென்னமெரிக்காவிலிருந்து வந்த சிங்கோனா மரங்களை ஆங்கில அரசு அங்கே பயிரிட்டது. அதன் பட்டையிலிருந்து மலேரியாவுக்கு மருந்தான குயினைன் எடுக்கப்பட்டது. மருந்து கைக்கு வந்துவிட்டது, ஆனால் நோய் எப்படி வருகிறது என்று அப்போது யாருக்கும் தெரியாது. மலேரியா என்ற இத்தாலியச் சொல்லுக்கே "கெட்ட காற்று" என்றுதான் பொருள். சதுப்பு நிலத்து ஆவிக்கும் இரவுப் பனிக்கும் மக்கள் அஞ்சினார்கள். அந்தப் பயத்தில் பாதி உண்மையும் இருந்தது, ஏனென்றால் சதுப்பு நிலத்தில்தான் கொசு பிறக்கிறது. ஆனால் காதருகே ரீங்காரம் செய்த கொசுவைக் கண்டு யாரும் அஞ்சவில்லை!

1897இல் உதகைக்கு வந்த ரொனால்டு ராஸ் என்ற டாக்டர், மலேரியாவை ஆராய அதே மலையின் இன்னொரு சரிவான சீகூர் மலைப்பாதைக்கு இறங்கினார். அங்கே அவரே மலேரியாவில் விழுந்தார். தேறி எழுந்து, அதே ஆண்டு ஆகஸ்டு 20ஆம் நாள் செகந்தராபாத்தில், ஒரு அனாபிலிஸ் கொசுவின் இரைப்பையில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் பிறகு மனிதகுலத்தின் பயம் பனியிலிருந்து கொசுவுக்கு இடம் மாறியது. கொசு வலைக்கு மதிப்புக் கூடியது, தேங்கிய நீரை அகற்றும் வேலைக்கும் மதிப்புக் கூடியது. பயத்தை ஒழித்ததால் வந்த நன்மை அன்று இது. சரியான இடத்துக்கு அதை மாற்றியதால் வந்தது.

பாட்டால் பயத்தைப் போக்கலாம் என்பது தமிழுக்குப் புதிதும் அல்ல. 1961இல் வெளிவந்த 'அரசிளங்குமரி' படத்தில் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதிய 'சின்னப்பயலே' பாட்டு, பேய்க் கதை சொல்லிப் பயமுறுத்துபவர்களை நம்பாதே என்று ஒரு சிறுவனுக்கு அறிவுரை சொல்கிறது. படம் வரும் முன்பே, 1959இல், தம் 29ஆம் வயதில் அவர் மறைந்துவிட்டார். பாட்டு இன்றும் பாடப்படுகிறது. எதுகையோடு சொன்ன கருத்துக்கு ஆயுள் அதிகம். நள்ளிரவில் ஜன்னல் தட்டும்போது குழந்தைக்குப் பாடப் புத்தகத்தின் பத்தி நினைவுக்கு வராது. "வீட்டுக்கு அவனும் போனானே" என்ற வரி வரும்.

இந்தப் புத்தகத்தைப் பெரிய எழுத்தாளர்கள் எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீங்களே எழுதலாம். உங்கள் பள்ளிக்கு அருகில் உள்ள ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் போய், "உனக்கு எதைக் கண்டால் பயம்?" என்று கேளுங்கள். சிரிக்காமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பயத்தின் காரணத்தையும் பகலில், பெரியவர் ஒருவர் துணையோடு, சிங்கத்தைப் போல் தேடிப் பாருங்கள். காரணம் கிடைத்தவற்றை மட்டும் பாட்டாக்குங்கள். இடப்பக்கத்தில் பயமுறுத்தும் படம், வலப்பக்கத்தில் உண்மை. பதினாறு பக்கம் போதும். உங்களில் படம் வரைபவர் ஒருவர் இருப்பார், எதுகை பிடிப்பவர் ஒருவர் இருப்பார்.

ஒரே ஒரு விதியை மறக்க வேண்டாம். புத்தகத்தில் பேயைப் பார்த்துச் சிரிக்கலாம், பூச்சாண்டியைப் பார்த்துச் சிரிக்கலாம். பயந்த குழந்தையைப் பார்த்து மட்டும் யாரும் சிரிக்கக் கூடாது. ஜாதகக் கதையின் சிங்கம் முயலைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டுதானே போயிற்று?